மங்கலான படத்தில் இருப்பது பருந்தா, கழுகா? புதிதாகப் பறவை பார்ப்பவர்களுக்கு

பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் என் கைபேசிக்கு ஒரே மாதிரியான படங்கள் வந்து குவியும். வெள்ளை வானம், நடுவில் கறுப்பாக ஓர் உருவம். கீழே ஒரு கேள்வி: "அண்ணா, இது கழுகுதானே?"

அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் புதியவர்கள். கையில் இருப்பது கைபேசி, மிஞ்சிப்போனால் ஒரு சின்ன ஜூம் கேமரா. பறவையோ பனைமரத்துக்கும் மேலே எங்கேயோ வட்டமடிக்கிறது. படம் தெளிவாக வராதுதான். அதற்காக அழித்துவிடாதீர்கள். அந்தக் கறுப்பு உருவத்தில் வாலின் ஓரம், சிறகின் அகலம், தலை நீட்டிக்கொண்டிருக்கும் அளவு என்று படிப்பதற்கு நிறையவே இருக்கும். எதை முதலில் பார்ப்பது, எதை நம்பக் கூடாது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நாம் அடிக்கடி பார்க்கும் பறவைகளைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஊர்ப்பக்கம் பெரிதாக வட்டமடிக்கும் எதுவும் கழுகுதான். திருக்கழுக்குன்றத்தில் கோயில் சோறு உண்ண வந்துகொண்டிருந்த "கழுகு"கூட, பறவையியல்படி பாறு வகை, மஞ்சள்முகப் பாறு. இப்போது அவை அங்கே வருவதில்லை. பேச்சில் எப்படிச் சொன்னாலும் சரி. படத்தை வைத்து அடையாளம் காணும்போது மட்டும் பருந்து, கழுகு, பாறு, வைரி, வல்லூறு, பூனைப்பருந்து ஆகியவற்றை ஆறு தனிக் குடும்பங்களாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெயர் கண்டுபிடிப்பது பாதி முடிந்த மாதிரி.

முதல் படி: படத்தோடு வரவேண்டியவை

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஏற்கெனவே கடுகளவு இருக்கும் பறவையின் ஓரங்கள் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். மூலப் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேமராத் திரையைக் கைபேசியால் படமெடுத்து அனுப்புவார்கள். அவசரத்துக்கு அது சரி, முடிவெடுக்க அது போதாது.

எடுத்த எல்லாப் படங்களையும் கேளுங்கள். இருப்பதிலேயே நல்ல படம் என்று ஒன்றைப் பொறுக்கி அனுப்பிவிட்டு, மீதியை அழித்துவிடுகிறார்கள். அவர்கள் நல்லது என்று நினைப்பது பறவை பெரிதாகத் தெரியும் படத்தை. நமக்கு வேண்டியதோ வால் விரிந்த படம் ஒன்று, வால் மூடிய படம் ஒன்று, திரும்பும்போது முதுகு தெரிந்த படம் ஒன்று. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அந்த மூன்றும் சேர்ந்தால் நிறைய சொல்லும். பத்து விநாடி வீடியோ இருந்தால் இன்னும் நல்லது, பறக்கும் விதம் அதில் கிடைக்கும்.

அப்புறம் இடம், தேதி, நேரம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது. இதைக் கேட்காமல் படத்தை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. பூனைப்பருந்துகளும் பூட்டட் கழுகும் குளிர்கால விருந்தாளிகள். செப்டம்பர், அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் போய்விடும். ஜூன் மாதம் திருப்பூரில் எடுத்த படத்தைப் பூனைப்பருந்து என்று யாராவது சொன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். அதேபோல பெஸ்ரா என்ற சின்ன வைரி காட்டுப் பறவை. மாம்பலத்து மொட்டைமாடியில் அது உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

படத்துக்குள் ஒரு காகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காகத்துக்குப் பருந்தைத் துரத்தாமல் இருக்க முடியாது. அதனால் பாதிப் படங்களில் ஒரு காகம் இருக்கும். அது நமக்கு இலவச அளவுகோல். காகம் சுமார் 40 செ.மீ. நீளம். கரும்பருந்து 60 செ.மீ. வரை போகும். ஷிக்ரா என்ற சின்ன வைரி காகத்தைவிடச் சிறியது. தனியாக வானத்தில் இருக்கும் பறவையின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும், என் மதிப்பும் உட்பட. பக்கத்தில் காகம் இருந்தால் மட்டுமே அளவைப் பேசுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: வெளிச்சத்தை மட்டும் சரிசெய்யுங்கள்

வெள்ளை வானத்தைப் பார்த்துக் கேமரா தன் வெளிச்ச அளவைக் குறைத்துக்கொள்ளும், பறவை கறுத்துப்போகும். கைபேசியிலேயே எடிட் போய் ஷேடோஸ் என்பதை மெல்லக் கூட்டுங்கள். பலமுறை அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பட்டையோ மஞ்சள் முகமோ எழுந்து வரும். எதிர்ப் பிரச்சினையும் உண்டு: வெளிச்சம் கூடி சிறகு நுனி வானத்தோடு கரைந்துபோயிருக்கும். ஹைலைட்ஸைக் குறைத்துப் பாருங்கள். முழுவதும் வெளுத்துவிட்டால் திரும்பி வராது.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளைத் தொடவே வேண்டாம். ஒரு தம்பி அனுப்பிய படத்தில் மார்பில் அழகான குறுக்குக் கோடுகள் இருந்தன, ஒவ்வொரு இறகும் தனித்தனியாக. மூலப் படத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் இருந்தது பழுப்பாக ஒரு தீற்றல் மட்டும்தான். கோடுகளை வரைந்தது செயலி. இல்லாத இறகை வைத்து இருக்கும் பறவைக்குப் பெயர் வைக்க முடியாது. ஷார்ப்பன் செய்வதும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஓரங்களில் வெள்ளைக் கோடு ஒன்றை உண்டாக்கிவிடும்.

மூன்றாம் படி: நிறத்தை மறந்துவிடுங்கள்

புதியவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. மோசமான படத்தில் முதலில் பொய் சொல்வதும் நிறம்தான். மாலை வெயிலில் வெளிறிய பறவையும் செம்பட்டையாகத் தெரியும். செம்மண் காட்டின்மேல் தாழப் பறந்தால் தரையிலிருந்து எழும் ஒளி வெள்ளை வயிற்றைக்கூடச் சிவப்பாக்கிவிடும். எதிர்வெளிச்சத்தில் எல்லாமே கறுப்பு.

நான் செய்வது இது: படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிவிடுவேன். செம்பழுப்பா, கரும்பழுப்பா என்ற சந்தேகம் போய்விடும். மீதி இருப்பது எந்த இடம் வெளிர், எந்த இடம் அடர் என்பது மட்டும். இந்த வெளிர்-அடர் அமைப்பைத்தான் நம்பலாம். சிறகின் முன்பாதி வெளிராகப் பின்பாதி அடராக இருக்கிறதா? மணிக்கட்டுப் பக்கம், அதாவது சிறகு மடங்கும் இடத்தருகே, ஒரு வெளிர் சதுரம் இருக்கிறதா? வாலில் பட்டை இருக்கிறதா? இவ்வளவுதான் கேள்வி.

நான்காம் படி: உருவத்தைப் படியுங்கள்

சிறகு நுனியைப் பாருங்கள். நுனி இறகுகள் கைவிரல் போலப் பிரிந்திருக்கின்றனவா, கத்திபோலக் கூராக முடிகிறதா? கூராக முடிந்து, சிறகு அரிவாள் போல வளைந்திருந்தால் வல்லூறு. விரல்கள் நன்றாகப் பிரிந்து, சிறகு பலகை போல அகலமாக இருந்தால் கழுகு அல்லது பாறு. சிறகு குட்டையாகவும் உருண்டும் வால் நீளமாகவும் இருந்தால் வைரி. சிறகும் வாலும் இரண்டுமே நீளமாக, ஒல்லியாக இருந்து, சிறகை V போலத் தூக்கிப் பிடித்திருந்தால் பூனைப்பருந்து.

விரல்களை எண்ணுவது நல்ல பழக்கம். ஷிக்ராவுக்கு ஐந்து, தேன்பருந்துக்கு ஆறு, மெலிந்த பூனைப்பருந்துகளுக்கு நான்கு. ஆனால் பறவை வழுக்கிக்கொண்டு போகும்போது விரல்களை மூடிக்கொள்ளும். படம் அசைந்தாலும் இரண்டு விரல் ஒன்றாகத் தெரியும். அதனால் நீங்கள் எண்ணிய எண்ணிக்கையைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு தெளிவாகத் தெரிந்தால் அது நான்கு விரல் பறவை இல்லை என்று சொல்லலாம். நான்குதான் தெரிகிறது என்பதால் ஆறு விரல் பறவை இல்லை என்று சொல்ல முடியாது.

பிறகு தலை. சிறகின் முன்விளிம்பிலிருந்து தலை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? அடுத்து வால்: நீளத்தைச் சிறகின் அகலத்தோடு ஒப்பிடுங்கள், ஓரம் உருண்டையா, நேரா, பிளவா என்று பாருங்கள். இந்த இரண்டும் எவ்வளவு மங்கலான படத்திலும் மிஞ்சியிருக்கும். இனி ஒன்றுபோல இருக்கும் பறவைகளுக்கு வருவோம்.

கரும்பருந்தும் செம்பருந்தும்

வரும் படங்களில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வளர்ந்த செம்பருந்தில் சிக்கல் இல்லை. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற உடல், கறுத்த சிறகு நுனி. கோயில் கும்பாபிஷேகத்தில் வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார்களே, அந்தக் கருடன். கறுப்பு-வெள்ளைப் படத்திலும் தலை மட்டும் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் செம்பருந்தின் இளம்பறவையால் வருகிறது. அது முழுக்கப் பழுப்பு, பார்த்தால் கரும்பருந்து மாதிரியே இருக்கும். கோவை உக்கடம் மீன் மார்க்கெட் பக்கம் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் இரண்டும் ஒரே வட்டத்தில் சுற்றும். நான் வாலைத்தான் பார்ப்பேன். கரும்பருந்தின் வால் நுனியில் லேசான பிளவு. வாலை மூடியிருக்கும்போது மீன்வால் போலத் தெரியும். செம்பருந்தின் வால், இளசாக இருந்தாலும் முதிர்ந்ததாக இருந்தாலும், விசிறி போல உருண்டை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கரும்பருந்து வாலை முழுக்க விரித்தால் பிளவு மறைந்துவிடும், நுனி ஏறக்குறைய நேர்க்கோடாகிவிடும். "வாலில் பிளவில்லையே, அப்ப செம்பருந்துதானே?" என்று கேட்பார்கள். மூலையைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் விரிந்தாலும் இரண்டு பக்க மூலைகளும் கூராக, முக்கோணம் போல நிற்கும். செம்பருந்துக்கு மூலையே கிடையாது, வளைவாகவே முடியும்.

இன்னொரு பொறி இறகுதிர்வு. ஒருமுறை வந்த படத்தில் வாலில் நடுவே நல்ல ஆழமான பிளவு. அனுப்பியவர் கரும்பருந்து என்று எழுதியிருந்தார். தலை மட்டும் ஏனோ வெளிறித் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பிளவின் இரண்டு பக்கமும் சமமாக இல்லை, நடு இறகு விழுந்து புதிது முளைக்கும் இடைவெளி அது. ஓரங்கள் உருண்டுதான் இருந்தன. செம்பருந்து. பிளவு என்றால் நடுவிலிருந்து மூலைவரை சீராக நீண்டுகொண்டே போக வேண்டும். திடீரென்று ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தால் அது இறகு இல்லாத இடம்.

வாலே தெரியாத படமானால் சிறகின் அடிப்பக்கம் பாருங்கள். இளம் செம்பருந்துக்கு விரல் இறகுகளின் அடியில் பெரிய வெளிர் சதுரம் இருக்கும், அதைத் தாண்டி நுனி சட்டென்று கறுப்பாகும். நம்மூர்க் கரும்பருந்துக்கும் அங்கே கொஞ்சம் வெளிர் உண்டு, ஆனால் மங்கலாகக் கோடு கோடாக இருக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கரும்பருந்துகளுக்கு இந்த வெள்ளை பெரிதாகவே இருக்கும் என்பதால், டிசம்பரில் எடுத்த படத்தில் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வீடியோ இருந்தால் வேலை சுலபம்: கரும்பருந்து பறக்கும்போது வாலைச் சுக்கான் போல இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டே இருக்கும்.

இவற்றுக்குள் கலந்து வரும் மூன்றாமவர்

குளிர்காலத்தில் பருந்துக் கூட்டத்துக்குள் பூட்டட் கழுகு கலந்து சுற்றும். கால் விரல்வரை இறகு மூடி பூட்ஸ் போட்டது போல இருப்பதால் இந்தப் பெயர். அளவு பருந்து போலவே. இரண்டு சாயல்களில் வரும். வெளிர்ச் சாயல் பறவைக்கு உடலும் சிறகின் முன்பாதியும் வெள்ளை, பின்பாதி கறுப்பு. பளிச்சென்று பிரிந்து தெரியும். அடர்ச் சாயல் பறவை முழுக்கக் கரும்பழுப்பு, அதைத்தான் கரும்பருந்து என்று எழுதிவிடுகிறோம்.

பறவை நம்மை நோக்கி வரும் படம் ஒன்று தேடுங்கள். கழுத்தும் சிறகும் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி, வண்டியின் முகப்பு விளக்கு மாதிரி தெரியும். எவ்வளவு மங்கலான படத்திலும் இது தெரிந்து பார்த்திருக்கிறேன். வால் நுனி நேராக இருக்கும். முதுகு தெரியும் படத்தில் வாலின் அடியில் வெளிர் வளைவு ஒன்று இருக்கும்.

ஷிக்ராவும் அதைப் போல இருப்பவையும்

வீட்டுத் தோட்டத்தில், பள்ளிக்கூட மரத்தில், மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் சின்ன வைரி பத்துக்கு ஒன்பது முறை ஷிக்ராதான். ஆனால் அந்தப் பத்தாவது, வைரியே இல்லாமல் அக்காக்குயிலாக இருக்கும். சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால், பறந்து வந்து உட்காரும் விதம்கூட ஷிக்ராவை அப்படியே ஒத்திருக்கும். சின்னப் பறவைகளே ஏமாந்து பதறும். அலகைப் பாருங்கள். ஷிக்ராவுக்குக் குட்டையான, கீழ்நோக்கி வளைந்த கொக்கி அலகு. அக்காக்குயிலுக்கு மெல்லிய, ஏறக்குறைய நேரான அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அலகு தெரியவில்லையென்றால் உட்கார்ந்திருக்கும் தோரணை: குயில் சிறகைத் தொங்கவிட்டு முன்னால் சாய்ந்து உட்காரும், ஷிக்ரா நிமிர்ந்து உட்காரும்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் எடுத்த படமானால் பெஸ்ராவையும் யோசிக்க வேண்டும். தொண்டை நடுவே செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு, பேனாவால் அழுத்திப் போட்டது போல. ஷிக்ராவிலும் அந்தக் கோடு உண்டு, மெல்லியதாக. இளம் ஷிக்ராவில் அது கொஞ்சம் தடிப்பாகவே தெரியும், அதனால் மார்பில் கோடுகள் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கும் இளம்பறவையைப் பார்த்தவுடன் பெஸ்ரா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காட்டுக்கு மேலே வட்டமடிக்கும் பெரிய வைரி, வாலடி இறகுகள் பஞ்சுபோலப் பொங்கி இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தால், அது கொண்டை வைரி. அந்த வெள்ளைப் பொங்கல் தூரத்துப் படத்திலும் தெரியும்.

நின்ற இடத்திலேயே சிறகடிப்பவை

"ஒரே இடத்தில் நின்று பறந்தது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம், பட்டியல் உடனே மூன்றாகச் சுருங்கிவிடும். சின்ன உடல், வெள்ளை-சாம்பல், குட்டை வால், தோளில் கறுப்பு என்றால் கருந்தோள் பருந்து. சின்ன உடல், நீண்ட வால், வால் நுனிக்குச் சற்று உள்ளே கறுப்புப் பட்டை என்றால் கெஸ்ட்ரல். பெரிய உடல், ஆந்தை போல உருண்ட பெரிய தலை, அடிப்பக்கம் வெளிர் என்றால் குட்டைவிரல் பாம்புக்கழுகு. படம் எப்படி இருந்தாலும் இந்த மூன்றையும் வால் நீளமும் தலையும் பிரித்துவிடும்.

மற்றொரு பாம்புக்கழுகு, அதாவது கொண்டைப் பாம்புக்கழுகு, மோசமான படங்களுக்கென்றே படைத்தது போன்ற பறவை. சிறகின் பின்விளிம்பில் கறுப்பு ஓரம், அதற்கு உள்ளே அகலமான வெள்ளைப் பட்டை சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை. வாலிலும் ஒரு வெள்ளைப் பட்டை. நெல்மணி அளவு தெரிந்தாலும் போதும்.

தேன்பருந்தும் குடுமிக்கழுகும்

எனக்கு இதில்தான் அதிக நேரம் செலவாகிறது. தேன்பருந்துக்கு நிலையான நிறமே கிடையாது. வெளிறியது, செம்பழுப்பு, ஏறக்குறையக் கறுப்பு, மார்பில் கோடு போட்டது, குறுக்குப் பட்டை போட்டது என்று ஒவ்வொன்றும் வேறுமாதிரி. குடுமிக்கழுகும் வயதுக்கு ஏற்ப மாறும். நிறத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கப் போனால் ஒருநாளும் முடியாது.

தலையைப் பாருங்கள். பெரிய பறவையின் உடலில் ஒரு புறாவின் தலையை ஒட்டவைத்தது போல இருந்தால் தேன்பருந்து. கழுத்து நீளம், தலை சின்னது, அலகு மெல்லியது. தேனீக் கூட்டையும் குளவிக் கூட்டையும் கிளறித் தின்னும் பறவை அது, பெரிய இரையைக் கிழிக்கும் அலகு அதற்குத் தேவையில்லை. குடுமிக்கழுகுக்குத் தலை பெரியது, அலகு தடித்தது, புருவ எலும்பு முன்னால் துருத்தி முறைப்பது போல இருக்கும். உட்கார்ந்த படமானால் இன்னும் சுலபம். உச்சந்தலையில் நீளமான குடுமி நிமிர்ந்து நின்றால் முடிந்தது கதை. குடுமி மடங்கியிருந்தால் காலைப் பாருங்கள்: விரல்வரை இறகு மூடியிருந்தால் குடுமிக்கழுகு, கால் வெறுமையாக மஞ்சளாக இருந்தால் தேன்பருந்து.

வானத்தில் இருக்கும் படத்தில் வால் உதவும். வளர்ந்த ஆண் தேன்பருந்தின் வாலில் தடித்த கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு அகலமான வெளிர்ப் பட்டை. குடுமிக்கழுகின் வாலில் பட்டைகள் அதிகம், மெல்லியவை. சிறகு விளிம்பும் பின்னால் புடைத்திருக்கும்.

பூனைப்பருந்துகள்

ஏரி, வயல்மேல் தாழப் பறக்கும் பழுப்புப் பறவைக்குத் தலை மட்டும் பால் நிறமாக, சிறகு V ஆக இருந்தால் சேற்றுப் பூனைப்பருந்தின் பெண் அல்லது இளம்பறவை. இதையும் கரும்பருந்து என்றே எழுதிவிடுவார்கள். வால் உருண்டு நீளமாக இருப்பதைப் பார்த்தால் போதும்.

வெளிறிய பூனைப்பருந்தும் மாண்டேகு பூனைப்பருந்தும் வேறு கதை. ஆண் பறவைகள் இரண்டும் சாம்பல் நிறம். வெளிறியதற்குச் சிறகு நுனியில் மெல்லிய கறுப்பு ஆப்பு மட்டும். மாண்டேகுவுக்கு நுனியில் கறுப்பு அதிகம், கூடவே சிறகின் மேற்பக்கம் நீளவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. நான் பறவை பார்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு ஆண் பறவையைப் படமெடுத்து, கோடு இல்லை, வெளிறியதுதான் என்று பதிவு செய்துவிட்டேன். சில வாரம் கழித்து அனுபவமுள்ள ஒருவர் மீதிப் படங்களைக் கேட்டு வாங்கினார். நான் ஒதுக்கி வைத்திருந்த, பாதிச் சிறகு வெட்டுப்பட்ட ஒரு படத்தில் அந்தக் கோடு அழகாகத் தெரிந்தது. நான் நம்பிய படத்தில் வெளிச்சம் கூடி அதை விழுங்கியிருந்தது. பதிவைத் திருத்தினேன். எல்லாப் படங்களையும் கேளுங்கள் என்று மேலே எழுதியது அங்கே கற்றது.

பெண்பறவைகளையும் இளசுகளையும் மங்கலான படத்தில் பிரிக்க முயலாதீர்கள். கழுத்தைச் சுற்றி வெளிர்ப் பட்டை தெளிவாகத் தெரிந்தால் மட்டும் வெளிறியது என்று யோசிக்கலாம். இல்லையென்றால் இரண்டில் ஒன்று என்று எழுதி விட்டுவிடுங்கள்.

பாறைமேல் இருப்பவை, பள்ளத்தாக்கில் இருப்பவை

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மதுரை அரிட்டாபட்டிக்கு லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் பெயர் பெற்றவை. வல்லூறுகளை முகத்தை வைத்துப் பிரியுங்கள். ஷாஹினுக்குத் தலை முழுக்கக் கறுப்புத் தொப்பி, கன்னத்தில் தடித்த மீசை. லகருக்கு மீசை மெல்லிய கோடு, உடல் வெளிர், தொடைப் பக்கம் அடர்நிறம். ராஜாளி கழுகு உருவம், விரல் பிரிந்த சிறகு. உடல் வெள்ளையாகவும் சிறகின் அடியில் கறுப்புப் பட்டையும் வால் நுனியில் கறுப்பும் இருக்கும்.

சத்தியமங்கலம், முதுமலை, மாயாறு பக்கம் பாறு படம் கிடைத்தால் எவ்வளவு மோசமாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். மாடுகளுக்குப் போட்ட டைக்லோபீனாக் மருந்து இறந்த மாட்டின் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியா முழுவதும் அவற்றை அழித்துவிட்டது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு, ஒவ்வொரு பதிவும் வேண்டும். கறுத்த சிறகின் முன்பாதி அடியில் பளிச்சென்று வெள்ளை என்றால் வெண்முதுகுப் பாறு. அந்த வெள்ளை இல்லாமல் தொடைப் பக்கம் இரண்டு வெள்ளைத் திட்டு இருந்தால் செந்தலைப் பாறு. உடல் வெளிறி, எதுவும் பளிச்சென்று பிரியாமல் இருந்தால் கருங்கழுத்துப் பாறு என்று யோசிக்கலாம். ஆனால் இளம் பாறுகளில் இந்த அடையாளங்கள் தெளிவாக இருக்காது, அவற்றைப் பாறு என்று மட்டும் எழுதுங்கள். மஞ்சள்முகப் பாறும் வெளிர்ச் சாயல் பூட்டட் கழுகும் கீழிருந்து பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாக ஒன்றுபோலவே இருக்கும். பாறுக்கு வால் ஆப்பு போலக் கூர்ந்து முடியும், பூட்டட் கழுகுக்கு நேராக முடியும்.

கடைசிப் படி: எழுதி வைப்பது

படம் எவ்வளவு தூரம் சொல்கிறதோ அவ்வளவு தூரம் மட்டும் எழுதுங்கள். பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் "பூனைப்பருந்து வகை", "இதுவோ அதுவோ" என்றெல்லாம் பதிவு செய்ய வசதி இருக்கிறது. அது உபயோகமான பதிவு. தவறான இனப்பெயரைவிட ஆயிரம் மடங்கு உபயோகமானது. மங்கலான படத்தைச் செயலியில் கொடுத்தால் அது தயங்காமல் ஒரு பெயர் சொல்லிவிடும். அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு, அந்தப் பறவைக்குரிய வாலும் தலையும் உங்கள் படத்தில் இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். பெயரோடு காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்: "வால் உருண்டை, மணிக்கட்டில் வெளிர் சதுரம், இளம் செம்பருந்து." நாளைக்கு வேறொருவர் பார்த்துத் திருத்த அந்த வரி போதும். கூடு இருக்கும் படமானால் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், குஞ்சுகளைத் தேடி ஆள் வருவார்கள்.

பழக்கம் வரவேண்டுமானால் அரிய பறவையைத் தேட வேண்டாம். வெயில் ஏறி வெப்பக்காற்று எழும்பும் நேரத்தில், காலை ஒன்பதரைக்கு மேல், உங்கள் ஊர் மீன் கடை அல்லது குப்பைமேட்டுப் பக்கம் போய் ஒரே ஒரு கரும்பருந்தை முப்பது படம் எடுங்கள். வால் விரித்தது, மூடியது, திரும்பியது, எதிரே வந்தது, காகம் துரத்தியது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, கறுப்பு-வெள்ளையாக்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். அந்த முப்பதும் மனதில் இருந்தால், முப்பத்தோராவது படத்தில் வேறு ஏதாவது வந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.